அசலை அனுப்பக் கூடாது

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தோடு அசலை இணைக்கக் கூடாது. நகலெடுத்து, சான்றொப்பம் வாங்கி, அந்த நகலைத்தான் இணைக்க வேண்டும். அசலைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மேலிடம் கேட்டால், நேரில் கொண்டுபோய்க் காட்டிவிட்டுக் கையோடு திருப்பி வாங்கி வர வேண்டும். ராஜா காலத்திலும் இந்த விதி இருந்தது, ராஜா போன பிறகும் இருந்தது. சர்க்கார் மாறினாலும் மாறாத விதிகள் சில உண்டு. பெரும்பாலும் நமக்கு உபயோகப்படாதவை அவை.

வருஷத்துக்கு ஒரு தடவை கருவூலத்தில் வரிசையில் நின்று, உயிரோடுதான் இருக்கிறோம் என்று நிரூபித்துவிட்டு வரும் பென்ஷன்காரர்களான உங்களிடம் இதைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். நாம் எல்லோரும் இந்த விதியோடு குடும்பம் நடத்தியவர்கள். ஆனாலும் ஆபீசில் என்னைத்தான் ‘அசல் அம்மா’ என்று முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். மனுவோடு அசலை நீட்டிய யாரையும் நான் உட்காரச் சொன்னதில்லை. எனது பிரிவுபசாரக் கூட்டத்தில் மாலையைப் போட்டபடியே ஒருவர் கேட்டார், அம்மாவுக்கு அசலைக் கண்டால் மட்டும் ஏன் இத்தனை பயம் என்று. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். மாலை போட்டவரிடம் மைனியைப் பற்றிச் சொல்ல முடியுமா?

மைனி என்றால் அண்ணன் மனைவி. வேறு ஊர்க்காரர்கள் மதினி என்பார்கள். எங்களுக்கு மைனி.

எங்கள் ஊர் சுசீந்திரத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற ரோட்டில் இருந்தது. அப்போது அது திருவிதாங்கூர் ராஜ்யம். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் பனை. பெருமைக்கென்று ஊரில் இருந்தது ஒரு பாறைதான். கதை உங்களுக்குத் தெரியும். கடற்கரையில் கன்னி தேவி மணக்கோலத்தில் காத்திருக்கிறாள். சுசீந்திரத்து சாமி மாப்பிள்ளையாகப் புறப்பட்டு வருகிறார். விடியும் முன்னே போய்ச் சேர வேண்டும். இந்தக் கல்யாணம் நடந்தால், கன்னி கையால் மட்டுமே சாகக்கூடிய அசுரனைக் கொல்ல ஆளில்லை என்று தேவர்களுக்குக் கவலை. நாரதர் சேவலாகிக் கூவிவிடுகிறார். முகூர்த்தம் தப்பியது என்று மாப்பிள்ளை பாதி வழியில் திரும்பிவிடுகிறார். ஆக்கிவைத்த சோறும் பருப்பும் கடற்கரையில் மணலாகிப் போகின்றன. அரிசி மாதிரியே இருக்கும் அந்த மணலை இன்றும் பொட்டலம் கட்டி விற்கிறார்கள்.

மாப்பிள்ளை திரும்பிய இடம் எங்கள் பாறை. கல்யாணம் நின்று போன இடத்துக்காக ஓர் ஊரே பெருமைப்பட்டதை நினைத்தால் இன்று ஆச்சரியமாக இருக்கிறது. அன்று எங்களுக்கு, அதாவது பத்து வயசுப் பிள்ளைகளுக்கு, அது எருமை கட்டும் பாறை. வருஷத்தில் ஒரு நாள் அதற்கு மாலை விழும். மறுநாள் எருமை அதைத் தின்றுவிடும்.

ஊரில் ஒரு வாசகசாலை இருந்தது. அதை நடத்தியவர் நடுநிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன ஒரு சார். அவர் ஒரு கையெழுத்துப் பத்திரிகை கொண்டுவந்தார். இன்றைய பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டும்; உங்களுக்கு வேண்டாம். கதை, கட்டுரை, கவிதை எல்லாம் கையாலேயே எழுதி, படங்களும் கையாலேயே வரைந்து, காலிகோ துணியில் அட்டை போட்டுத் தைத்த பத்திரிகை. மொத்தமே ஒரு பிரதி. அது வீடு வீடாகப் போகும். படித்தவர்கள் கடைசிப் பக்கங்களில் அபிப்பிராயம் எழுதி அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் தேய்த்த நாளில் அதைத் தொடக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே சார் சிவப்பு மையில் எழுதியிருப்பார். இன்னொரு வழக்கமும் உண்டு. எழுதியவர் வீட்டுக்குப் பத்திரிகை கடைசியில்தான் போகும். முதலில் கொடுத்தால், எழுதியவர் அடித்துத் திருத்திக்கொண்டே இருப்பார், ஊருக்கு வந்து சேராது என்பது சாரின் அனுபவம்.

சித்திரை மலருக்கு ஒரு நீண்ட கதை வேண்டும் என்று சார் அறிவித்தார். எழுதித் தருவதாக ஒத்துக்கொண்டது மைனி.

மைனிக்கு அப்போது இருபது வயசு இருக்கும். நாகர்கோவிலில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அண்ணன் கல்யாணம் முடிந்த நாலாம் மாசம் கொழும்புக்குக் கடைக் கணக்கு எழுதப் போனான். போன இடத்திலிருந்து ஒரு பச்சை நிற ஊற்றுப் பேனாவும், வாசனை சோப்பும், அடுத்த வருஷம் வருவதாகக் கடிதமும் அனுப்பினான். சோப்பு தீர்ந்துபோயிற்று. பேனாவை மைனி ஜாக்கெட்டில் குத்திக்கொண்டு திரிவாள். கொழும்புக்காரன் பெண்டாட்டிக்கு ஆபீசர் என்று நினைப்பு என்று கிணற்றடியில் சொல்லுவார்கள். மைனி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, “ஆமா, நாளைக்கு மனு எழுதிக் கொண்டாங்க. ஒப்புப் போட்டுத் தாறேன்” என்பாள்.

யுத்தம் முடிந்தும் காகிதத்துக்குத் தட்டுப்பாடு போகவில்லை. மலருக்கென்று சார் வாங்கிக் கொடுத்த தாளில் ஒரு எழுத்து அடிபடக் கூடாது. அதனால் மைனி என் சிலேட்டில் எழுதினாள். ஒரு மூலை உடைந்த, மரச்சட்டம் போட்ட சிலேட்டு. மத்தியானம் அடுக்களை வேலை முடிந்ததும் புளி கொட்டி வைத்திருக்கும் அறையில் போய் உட்காருவாள். சிலேட்டின் இரண்டு பக்கமும் எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள். சரி என்று பட்டதும் பச்சைப் பேனாவால் தாளில் ஏற்றிவிட்டு, கோவை இலையைக் கசக்கிச் சிலேட்டைத் துடைத்துவிடுவாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அழிக்காமல் மிச்சமிருக்கும் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். புளி வாசனையும் கோவை இலை வாசனையும் கலந்துதான் அந்தக் கதை என் நினைவில் இருக்கிறது.

கதையில் தேவிக்குச் சேவல் சத்தம் கேட்பதில்லை. சத்தம் கேட்டது மாப்பிள்ளைக்கு மட்டும். அவள் கடற்கரையில் நின்று வானத்தைப் பார்க்கிறாள். நட்சத்திரம் அப்படியே இருக்கிறது. கிழக்கே ஒரு வெளிச்சமும் இல்லை. முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிகிறது. வருகிறவருக்குத் தெரியவில்லையோ என்று சந்தேகம் வருகிறது. சரி, போய்ச் சொல்லிவிடுவோம் என்று மணவறை விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு சுசீந்திரம் ரோட்டில் நடக்கிறாள். ஒவ்வொரு பனைமரமும் எங்கள் ஊர்ப் பனைமரம். குறுக்கே போகிற கீரிப்பிள்ளை எங்கள் வயல் கீரிப்பிள்ளை. நடுவில் காற்றுக்கு விளக்கு அணையப் பார்க்கும்போது தேவி தன் கூறைப்புடவைத் தலைப்பால் மறைத்துக்கொள்கிறாள்; தலைப்பு கருகுகிறது. அந்தக் கருகல் வாசனையைச் சிலேட்டில் வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாறை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அத்தியாயம் நின்றிருந்தது. அதற்குள் கோடை விடுமுறை வந்துவிட்டது. என்னைப் பூதப்பாண்டியில் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசி அத்தியாயத்தை மைனி எழுதியபோது நான் அங்கே அத்தை வீட்டு மாமரத்தில் இருந்தேன். திரும்பி வந்தபோது சிலேட்டு பளிச்சென்று துடைத்திருந்தது. பாறையில் என்ன ஆச்சு என்று கேட்டேன்.

“புஸ்தகம் வருமில்லா? வாசிச்சுப் பாரு,” என்றாள் மைனி. “உனக்கு முன்னாடி ஊரே வாசிச்சிட்டு. நீதான் கடைசி.”

பத்திரிகை தெருவில் பாதி தூரம் வந்திருந்தது. நான் விட்டேற்றியாக இருப்பதுபோல் நடித்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக விசாரித்தேன். கடைசி அத்தியாயத்தை வாசித்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். தேவி பாறைக்கு வந்து பார்க்கிறாள், யாரும் இல்லை, திரும்பிவிடுகிறாள் என்றாள் வைத்தியர் வீட்டு அக்கா. இல்லை, மாப்பிள்ளை பாறையில் உட்கார்ந்திருக்கிறார், இருவரும் பேசுகிறார்கள், என்ன பேசினார்கள் என்றுதான் எழுதவில்லை என்றார் அவள் அண்ணன். எதிர்வீட்டு டீச்சர் மகள் என் வயசுக்காரி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். பாறையில் விளக்கை வைத்துவிட்டுத் தேவி மேற்கொண்டு நடந்துபோய்விட்டாள் என்று அவள் அடித்துச் சொன்னாள். “எங்க வேதத்துலயும் மாப்பிள்ளைக்கு விளக்கு வச்சுக் காத்திருந்த பொண்ணுங்க உண்டு. அவங்க நடக்கல்ல கேட்டியா. இவ நடந்துட்டா,” என்றாள். அவள் குரலில் இருந்த பொறாமை எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

அந்தக் கோடையில் எருமையை அவிழ்த்துவிட்டுப் பாறையை நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஒருத்தி தேவி. ஒருவன் மாப்பிள்ளை. நன்றாகக் கூவத் தெரிந்ததால் நான் சேவல். ஒரு நாள் காலை, தேவி வந்த வழியைப் பார்ப்போம் என்று கன்னியாகுமரி வரை நடந்தே போனோம். ஏற்றாத அகல் ஒன்றை ஆளுக்குக் கொஞ்ச தூரமாகச் சுமந்தோம். அதுவரை கோயிலுக்குக் கூப்பிட்டால் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்ட பிள்ளைகள் நாங்கள். கடற்கரையில் அரிசி மணலை அள்ளியபோது டீச்சர் மகள் சொன்னாள், ஆக்கி வச்சவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று. யாரும் விளையாடவில்லை பிறகு. அந்த மணலைக் காலால் மிதிக்கக் கூசியது.

பத்திரிகை எங்கள் வீட்டுக்கு முந்தைய வீட்டுக்குப் போய் நின்றது. அது ஸ்ரீகாரியம் மாமா வீடு. ஊர்க் கோயிலின் நிர்வாகம் பார்த்தவரை உத்தியோகப் பெயராலேயே கூப்பிடுவோம். அவர் கடைசிவரை வாசித்தார். அபிப்பிராயம் எழுதவில்லை. அடுத்த வீட்டுக்கும் கொடுக்கவில்லை.

அப்பா தக்கலை தாலுகா ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வந்து திங்கட்கிழமை காலை போய்விடுவார். அந்தச் சனிக்கிழமை அவர் பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே கோயில் மண்டபத்துக்குக் கூப்பிட்டுப் போனார்கள். நாங்கள் தூணுக்குப் பின்னால் நின்றோம். ஸ்ரீகாரியம் மாமா சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

“சாமி திரும்பின எடம்னுதான் நம்ம பாறைக்கு மரியாதை. அங்க தேவிய ராத்திரி தன்னந்தனியா நடத்திக் கொண்டுவந்து நிறுத்திருக்கா உமக்க மருமவ. படி தாண்டுதவளாவே தேவி? அம்மன் கொடைத் திருநாளுக்கு முன்னாடி அது கோயில் அக்கினியில போவணும். நான் சொல்லிட்டேன்.”

சார் கெஞ்சினார். ஒரு மாசம் பொறுத்தால் நகலெடுத்துவிட்டுக் கொடுப்பதாகச் சொன்னார். நகல் எதற்கு, அதையும் எரிக்கவா என்று யாரோ கேட்டு, ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. இது விசாரணைக்குரிய விஷயம், திருவனந்தபுரத்தில் இதற்கென்று இலாகா இருக்கிறது, ஆட்சேபம் உண்டா இல்லையா என்று சர்க்கார் சொல்லட்டும், அதுவரை யாரும் அதைத் தொடக் கூடாது என்றார். சர்க்கார் என்ற சொல்லுக்கு அன்று மதிப்பு இருந்தது. ஸ்ரீகாரியம் மாமா பத்திரிகையை அப்பா கையில் கொடுத்துவிட்டார்.

அது எங்கள் வீட்டுக்குள் வந்தது. காலிகோ அட்டையை நான் தொட்டேன். அன்று எனக்கு எண்ணெய்க் குளி. கை பிசுபிசுத்தது. நாளைக்கு வாசிக்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அப்பா அதைத் துணியில் சுற்றித் தைத்து அரக்கு முத்திரை வைத்துவிட்டார். திங்கட்கிழமை அஞ்சலில் சேர்க்க வேண்டுமாம்.

மைனி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமனாரிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. அன்று பேசினாள்.

“மாமா, எழுதினது ஒண்ணுதான் உண்டு. வேற இல்ல.”

“தெரியும் மக்களே. அதனாலதான் அனுப்புகேன். இங்க இருந்தா எரிப்பானுவ. சர்க்காரு கையில இருக்கத விட பத்திரம் ஏது?”

விதி அவருக்குத் தெரியாதா? எனக்கே அவர்தான் சொல்லித் தந்தார். அசலை யாரும் எரித்துவிடக் கூடாதே என்பதற்காக, எரியாத இடம் ஒன்றைத் தேடினார். வாழ்நாள் முழுக்க ஓர் ஆபீசில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு அப்படிப்பட்ட இடமாகத் தோன்றியது இன்னொரு ஆபீஸ். விண்ணப்பத்தில் எழுதியவர்தான் ஒப்பமிட வேண்டும் என்று மைனியைக் கூப்பிட்டார். பச்சைப் பேனாவால் அவள் பெயரை எழுதினாள். கீழே ‘விண்ணப்பதாரர்’ என்று அப்பா சேர்த்தார்.

முடிவை ஆளுக்கொன்றாகச் சொன்னாலும் ஊர் அவள் கதைக்கு ஒரே அர்த்தம்தான் கண்டது. கொழும்புக்காரன் வரவில்லை, அந்த ஆத்திரத்தைத் தேவி தலையில் ஏற்றியிருக்கிறாள் என்று கிணற்றடி சொன்னது. கரிசனமாகச் சொன்னவர்களும் அதையேதான் சொன்னார்கள். அப்பாவும் அப்படியே நினைத்தார். உடனே புறப்பட்டு வா என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். அம்மா மைனிக்கு ஒரு தாயத்து கட்டினாள். ஒரு பெண் எழுதினால் அது அவள் வீட்டுச் சங்கதியாகத்தான் இருக்கும் என்பதில் நல்லவர் கெட்டவர் எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயம். நானும்தான் கேட்டேன், அண்ணன் மேல் கோபமா என்று.

“உனக்க அண்ணன்கிட்ட சொல்லதுக்கு உண்டும்னா உனக்க அண்ணனுக்குக் கடுதாசி போடுவேன்,” என்றாள் மைனி. புளியங்கொட்டையைக் கல்லில் தட்டிக்கொண்டிருந்தாள். “நான் தேவியப் பத்தித்தான் எழுதினேன் மக்கா. ஒருத்தரும் நம்ப மாட்டேங்காவ.”

பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் நடைமுறை உண்டு. நினைவூட்டு அனுப்ப வேண்டும். அப்பா அனுப்பினார். ஒவ்வொரு நினைவூட்டிலும் முந்தைய நினைவூட்டின் தேதியைக் குறிப்பிட்டு, ‘தயவுகூர்ந்து’ என்று ஆரம்பித்து, ‘இணைப்பைத் திருப்பி அனுப்பக் கோருகிறேன்’ என்று முடிப்பார். சனிக்கிழமை சாயங்காலம் அவர் பையை இறக்கிவைத்ததும் மைனி காப்பி கொண்டுவருவாள். டம்ளரை வைத்துவிட்டு ஒரு கணம் நிற்பாள். அப்பா இல்லை என்று தலையை ஆட்டுவார். அவள் உள்ளே போய்விடுவாள். இருவருக்கும் நடுவில் அவ்வளவுதான் பேச்சு.

தாமதத்துக்குக் காரணங்கள் வந்துகொண்டே இருந்தன, ஒவ்வொன்றும் நியாயமானது. ராஜாவின் சர்க்கார் போய்த் திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்தன; இலாகாக்கள் இடம் மாறின; கோப்புகள் எங்கே போயின என்று தெரியவில்லை. பிறகு சமஸ்தானத்து அஞ்சல் இந்திய தபாலோடு சேர்ந்தது. நடுவழியில் ஏதும் தவறியிருக்கலாம். பிறகு எங்கள் பகுதி எந்த மாகாணத்தில் இருக்க வேண்டும் என்ற போராட்டம் வந்தது. தெற்கிலிருந்து வரும் காகிதத்தை எடுத்துப் பார்க்க அங்கே யாருக்கு மனசு வரும்? அப்பா ஒவ்வொரு காரணத்தையும் மைனிக்குக் கேட்கும்படி அம்மாவிடம் விளக்குவார்.

திருப்பி எழுதிவிடும்படி சார் இரண்டு மூன்று தடவை வந்து சொன்னார். தாள் இப்போது தாராளமாகக் கிடைக்கிறது என்றார். மைனி முயன்றும் பார்த்தாள். புளி அறையில் சிலேட்டோடு உட்கார்ந்து எழுதி, வாசித்து, துடைத்துவிட்டு வந்தாள். “அது வரும்னு இருக்கும்போது இது பொய் மாதிரி இருக்கு சார்,” என்றாள். பத்திரம் என்று சொல்லி வைத்த இடத்தில் அது இருந்ததே, அதுதான் பெரிய தடை. அன்றே கோயில் அக்கினியில் போட்டிருந்தால் அழுது முடித்து, தை மாசத்துக்குள் இன்னொரு கதை எழுதியிருப்பாள் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது.

தெருப் பிள்ளைகள் கேட்டால் கதையைச் சொல்லுவாள். பனைமரமும் கீரிப்பிள்ளையும் கருகின தலைப்பும் எல்லாம் வரும். பாறை கண்ணுக்குத் தெரிந்ததும் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

அண்ணன் ஒரு தடவை வந்தான். வந்த இடத்தில் ஊரே அவனுக்குக் கதையைச் சொல்லிற்று. அவன் மைனியிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை என்பது அவளுக்கு வருத்தமா நிம்மதியா என்று தெரியாது. கொழும்புக்குப் போய்வர இப்போது பாஸ்போர்ட்டும் பெர்மிட்டும் வேண்டியிருந்தது. போனவன் அங்கேயே மாட்டிக்கொண்டான். நான் உயர்நிலைப் பள்ளிக்குப் போய் நோட்டுப் புத்தகத்துக்கு மாறினேன். சிலேட்டு வண்ணானுக்குப் போட்ட துணிகளைக் குறித்துவைக்க அடுக்களைச் சுவரில் தொங்கியது. ஒரு மழைக்காலத்தில் ஆணி கழன்று விழுந்து உடைந்தது. மைனி துண்டுகளைப் பொறுக்கி வாழை மூட்டடியில் போட்டாள். பச்சைப் பேனா எப்போது காணாமல் போனது என்று யாரும் கவனிக்கவில்லை.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் மைனிக்கு டைபாய்டு வந்தது. காய்ச்சல் சற்றுத் தணிந்திருந்த ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். நன்றாகத் தேறிவிடுவாள் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் விளையாட்டாகக் கேட்டேன், இப்போதாவது சொல்லுங்கள் மைனி, பாறையில் என்னதான் நடந்தது என்று.

அவள் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள்.

“எனக்கே மறந்துட்டு மக்கா. அது வந்தாத்தான் தெரியும்.”

அடுத்த வாரம் போய்விட்டாள். அண்ணன் பெர்மிட் வாங்கி வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. அப்பா அந்தச் சனிக்கிழமையும் வழக்கம்போல நினைவூட்டு எழுதினார். விண்ணப்பதாரர் காலமானால் அதை மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அவர் தெரிவிக்கவில்லை. தெரிவித்தால் கோப்பை மூடிவிடுவார்கள்.

ஸ்ரீகாரியம் மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு வயதாகி, கண் மங்கி, பேரப்பிள்ளைகளோடு பாறையருகே காற்றாட உட்காருவார். ஒரு நாள் அந்தப் பக்கம் போகும்போது காதில் விழுந்தது. “இங்கதான் தேவி விளக்கோட வந்து நின்னா. காத்துக்கு அணையப் பாத்துதா, அப்ப சேலைத் தும்ப வச்சு மறைச்சா,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. அப்பாவைச் சந்திக்கும்போதெல்லாம் கேட்பார், “அந்தப் புஸ்தகம் வந்துட்டாவே? இன்னொருக்க வாசிக்கணும்” என்று. எரிக்கச் சொன்ன ஞாபகம் அவருக்குச் சுத்தமாக இல்லை. நாலு வருஷம் பொறுத்திருந்தால் அவரே அதைக் கோயிலில் வைத்துப் பூட்டிப் பாதுகாத்திருப்பார்.

இப்போது பாறைக்குக் கம்பிவேலி போட்டிருக்கிறார்கள். போன வருஷம் அண்ணன் பேரன், அண்ணனின் இரண்டாம் கல்யாணத்து வழி, சினேகிதர்களோடு வந்தான். தேவி விளக்கோடு நடந்த பாதையில் அவர்களும் நடக்கப் போகிறார்களாம். இளைஞர்கள் கூட்டமாக நடக்கிறார்களாம் இப்போதெல்லாம். ஆயிரம் வருஷத்து ஐதிகம் பாட்டி, உங்களுக்குத் தெரியாதா என்றான். தலைப்பு கருகியதைச் சொன்னான். கீரிப்பிள்ளையைக்கூட விடவில்லை. புராணம் என்பது நெடுநாளாய் வரும் பொதுச்சொத்து. அதற்கு எழுதியவர் பெயர் கேட்டு எந்த இலாகாவிலும் மனு கொடுக்க முடியாது. முடிவு என்ன என்று அவனிடம் கேட்டேன். முடிவு ஒன்றும் இல்லை, பாறை வரைக்கும்தான் என்றான்.

பதில் வந்த நாளுக்கு வருகிறேன். எங்கள் தாலுகாக்கள் சென்னை மாகாணத்தோடு சேர்ந்த நாள் அது. ரோட்டில் ஊர்வலம், வெடி, சர்க்கரை மிட்டாய். அப்பா ஓய்வு பெற்றிருந்தார். நான் வீட்டில் இருந்தேன். தபால்காரர் கூட்டத்தில் புகுந்து வந்து, பதிவுத் தபால் ஒன்றை நீட்டினார். தடிமனான உறை. திருவனந்தபுரம் முத்திரை. பெறுநர் பெயர் மைனியுடையது.

தபால்காரருக்கும் சங்கடம். பெறுநர் இறந்திருந்தால் உறையில் அப்படி எழுதி அனுப்பியவருக்கே திருப்ப வேண்டும். திருப்பினால் அது அன்று காலைமுதல் வேறு மாநிலமாகிவிட்ட ஊருக்குப் போகும். அப்பா உறையைக் கையில் வாங்கி எடை பார்த்தார். விரல்களால் கனத்தைத் தடவினார். காலிகோ அட்டையின் விளிம்பைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

“ஒப்பு அவளுக்க பேர்லதான் போடணும் மாமா,” என்றார் தபால்காரர். பிறகு முகத்தை ஊர்வலத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். “நான் பாக்கல்ல.”

அப்பா மைனியின் பெயரை எழுதினார். அழகாக எழுதினார்.

உறைக்குள் பத்திரிகை இல்லை. அவருடைய நினைவூட்டுகள் இருந்தன. எட்டு வருஷத்து நினைவூட்டுகள், ஒன்றுவிடாமல், தேதி வரிசையில், மூலையில் துளையிட்டு நூல் கோத்து. மேலே ஒரு தாள். கையால் எழுதப்பட்ட பத்திரிகைகள் சட்டத்தின்படி பிரசுரம் ஆகா. ஆதலால் அனுமதியோ ஆட்சேபமோ எழவில்லை. இணைப்பு எதுவும் பெறப்பட்டதாகப் பதிவு இல்லை. மனுதாரரின் பகுதி வரும் முதல் தேதியிலிருந்து இந்த அரசின் எல்லைக்கு வெளியே போவதால் கடிதப் போக்குவரத்து இத்துடன் முடிக்கப்படுகிறது.

அப்பா இரண்டு தடவை வாசித்தார். வெளியே வெடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மேஜைக்குப் போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேனாவை எடுத்தார். வந்த காகிதத்தின் இடது மூலையில் கிடைத்த தேதியைக் குறிக்க வேண்டும். அதுவும் விதிதான்.

கிடைத்தது: 1956 நவம்பர் 1.